சுண்ணாம்புச் சுவருக்கு எமல்ஷன் பூசலாமா?

கேள்வி: தேவகோட்டையில் பூர்வீக வீடு. எங்கள் பங்கில் வரும் இரண்டாம் கட்டு அறைகள் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர். பின்னால் புதிதாகச் சேர்த்த படுக்கையறை சிமென்ட் பூச்சு. தரை எல்லாம் ஆத்தங்குடிக் கல். எல்லாச் சுவருக்கும் பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மாவுப் பூச்சு) வைத்து, பளபளப்பான எமல்ஷன் அடித்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா? என்ன நிறம் பொருந்தும்?

பதில்: பழைய அறைகளில் பட்டியும் வேண்டாம், எமல்ஷனும் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வாங்கி, காற்றில் மெல்ல விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் படலம்போல எமல்ஷன் மூடிக்கொண்டால் ஈரம் வெளியேற வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சுவரின் அடிப்பக்கம் ஓதம் காத்து, உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரியும். நன்றாக நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து இரண்டு மூன்று கை பூசுங்கள். நிறம் வேண்டுமென்றால் சிறிது மஞ்சள் காவி கலக்கலாம். கையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய வழவழப்புப் பூச்சு இன்னும் இருந்தால் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. உப்புத்தாள் போட யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்த வழவழப்புப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் இன்று அரிது.

புதிய அறைக்கு எமல்ஷன் தாராளமாகப் பூசலாம். பூச்சு வேலை முடிந்து குறைந்தது 28 நாள் ஆகியிருக்க வேண்டும், சுவரும் காய்ந்திருக்க வேண்டும். பளபளப்பு மட்டும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது சுவரின் மேடுபள்ளம் அத்தனையும் தெரியும். படுக்கையறைக்குப் பளபளப்பே இல்லாத மேட் போதும். அடிக்கடி துடைக்க வேண்டிய சமையலறை, நடைவழி என்றால் மெல்லிய மினுமினுப்புள்ள சாட்டின்.

நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பும் பச்சையும் மஞ்சளும் தரையே போதுமான அளவு பேசிவிடுகிறது. சுவர் அடங்கியிருக்கட்டும். வெயில் பட்ட சிவப்புக் கல்லின் சாயல் வெள்ளைச் சுவரில் ஏறும் என்பதால், சந்தன நிறத்தைவிடச் சாம்பல் சாயல் கொண்ட வெள்ளை தெளிவாக இருக்கும். நிற அட்டையை நம்ப வேண்டாம். சுவர் முழுக்க வரும்போது அதே நிறம் அடர்ந்து தெரியும். சிறிய டப்பா வாங்கி, தரையை ஒட்டி இரண்டடிச் சதுரத்தில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் பிற்பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

பெயிண்டர் குறிப்பிட்ட ஒரு வகையையே வற்புறுத்தினால் வாளிக்குள் இருக்கும் டோக்கனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அது அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை. கூலியைச் சதுர அடிக்குப் பேசி, பெயிண்டை நீங்களே வாங்குங்கள். வாளியில் தயாரிப்பு மாதம் பாருங்கள், நிறத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நிறம் கலந்த வாளியைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப எடுக்கமாட்டார் என்பதால், இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று கேட்டுக் கணக்கிட்ட பிறகே கலக்கச் சொல்லுங்கள்.