ஒரே வீட்டில் இரண்டு தண்ணீரா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். சிறுவயதிலிருந்தே பல்லெல்லாம் பழுப்புக் கறை. எங்கள் பக்கம் போர் தண்ணீர் அப்படி. ஒகேனக்கல் தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். அதைப் பையனுக்கும், பெங்களூரிலிருந்து வரும்போது அவருக்கும் எடுத்து வைத்துவிடுவோம். இப்போதே வரன் கேட்டு வருகிறார்கள். கறை போக எந்தப் பேஸ்ட் வாங்கலாம்?
– ஒரு தாய், பென்னாகரம் அருகே

பதில்: எந்தப் பேஸ்ட்டுக்கும் அது போகாது. எட்டு வயதுக்குள், பல் உருவாகும்போதே, போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு ஏறி விழுந்த கறை. பல் மருத்துவர்தான் கறையைக் குறைக்கவோ, மேற்பூச்சு போட்டு மறைக்கவோ முடியும்.

பையனுக்கும் அவருக்கும் எடுத்து வைப்போம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அப்படியானால் மகள் எதைக் குடிக்கிறாள்? நீங்கள் எதைக் குடிக்கிறீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களை இந்த ஃபுளோரைடிலிருந்து காப்பாற்றத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அத்தனை தூரம் குழாய் போட்டுக் கொண்டுவந்த தண்ணீரை உங்கள் மகளுக்குக் கிடைக்காமல் செய்வது நீங்கள்தான் தாயே. எனக்குக் கோபம்தான் வருகிறது.

பல் முளைத்தாகிவிட்டது, இனி என்ன என்று நினைக்காதீர்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் சேரும். அளவு கூடக் கூட மூட்டு இறுகும், முதுகு வளையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் கிழவிகளை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடு அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் நாலு பேருக்கும் காவிரித் தண்ணீர். போர் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும் போதும். மாடு இருந்தால் பாலை முழுக்கச் சொசைட்டிக்கு ஊற்றிவிடாமல் மகளுக்கு ஒரு டம்ளர் வையுங்கள். கேழ்வரகுக் களியும் நெல்லிக்காயும் அவள் தட்டில் இருக்கட்டும்.

வரன் கேட்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். 18க்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம். அதோடு, உடம்பு தேறாத பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சுமந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். படிக்கட்டும்.

தண்ணீர் போதவில்லையா? மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15 என்று கிராம சபை கூடுகிறதே, அங்கே போய்க் கேளுங்கள். உங்கள் கணவரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கூட நிற்கட்டும்.