கப்பல் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

சொகுசுக் கப்பலில் ஸ்டீவர்ட் வேலைக்கு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தம்பி. வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சி.டி.சி. (கடலோடியின் பணிப் பதிவுப் புத்தகம்) செலவு உங்களுடையது. விசா செலவு கப்பல்காரர்களுடையது. ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல். உரிம எண், அதாவது கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும் உரிமத்தின் எண், இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வார விடுமுறையே கிடையாதாமே?

ஆமாம், வாரம் ஏழு நாளும் வேலைதான். ஆனால் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு, 7 நாளில் 77 மணி நேரம் என்று கணக்கு உண்டு. அந்தப் பத்தையும் இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும்.

பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் நாள்தான் உயிரை வாங்கும். காலையில் ஒரு கூட்டம் இறங்கும், மதியமே அடுத்த கூட்டம் பெட்டியோடு வந்து நிற்கும். அதற்குள் அத்தனை மெத்தைக்கும் விரிப்பு மாற்றியாக வேண்டும். என் முதல் ஒப்பந்தத்தில் அப்படி 15 மணி நேரம் உழைத்த நாளை வேலை நேரப் பதிவில் 11 என்று எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். நானும் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மணிக்கட்டு வீங்கி டாக்டரிடம் போனபோது, அதிக வேலை பார்த்ததற்கு ஒரு தாள்கூட என்னிடம் இல்லை. உண்மையான நேரத்தையே எழுதுங்கள். அந்தப் பதிவின் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். கேட்டு வாங்கி வையுங்கள்.

தங்கும் இடம், சாப்பாடு?

பெரும்பாலும் இருவருக்கு ஒரு அறை, மேலும் கீழுமாகக் கட்டில், ஜன்னல் இருக்காது. கட்டில் திரைச்சீலைதான் உங்கள் தனிமை. சோற்றுக்குக் கவலை வேண்டாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக்காரர்களும் நம்மைப் போலத்தான், சோறு இல்லாமல் இருக்க மாட்டார்கள். ஊறுகாய் மட்டும் எடுத்துப் போங்கள்.

நடுவில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் வர முடியுமா?

முடியும். இப்படிப்பட்ட அவசரத்துக்கு, அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள அதே உடன்படிக்கை இடம் தருகிறது. உடனே மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஏறும்முன் ஒப்பந்த நகல், கப்பல் பெயர், நிறுவனத்தின் போன் எண் மூன்றையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.