உஷப்தி பொம்மைங்க பத்தி கேளுங்க, சொல்றேன்

கேள்வி: மியூசியத்துல நீலக் கலர்ல, மம்மி மாதிரி கை கட்டிட்டு நிக்குற குட்டி பொம்மை பாத்தேன். சாமி சிலையா அது?

பதில்: இல்லங்க, அதுதான் உஷப்தி, செத்தவருக்குப் பதிலா வேலை பாக்குற ஆளு. எகிப்துக்காரங்க நம்பிக்கைப்படி மேலோகத்துலயும் வயல் வேலை உண்டு, உழணும், தண்ணி பாய்ச்சணும், மணல் அள்ளணும், ராஜாவா இருந்தாலும் கூப்பிடுவாங்க. அப்படிக் கூப்பிட்டா நீ எந்திரிச்சு "இதோ இருக்கேன்"னு சொல்லணும்னு பொம்மை மேலயே எழுதிடுவாங்க, செத்தவருக்குத் துணையா வெக்கிற மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூல்ல 6வது மந்திரம் அது. அடுத்த தடவை கிட்ட போய்ப் பாருங்க, பல பொம்மைல கையில மண்வெட்டி இருக்கும், முதுகுப் பக்கம் சின்னதா ஒரு பை தொங்கும்.

கேள்வி: வேலைக்காரங்களைக் கொன்னு கூடவே புதைச்சாங்களே, அதுக்குப் பதிலா வந்ததுதானே இது? யூடியூப்ல சொன்னாங்க

பதில்: கேக்க நல்லாதான் இருக்கு, காலம் ஒத்து வரலயே. எகிப்துல அபிடோஸ்ங்கிற இடத்துல, முதல் ராஜ வம்சத்து ஜெர் ராஜாவோட கல்லறையைச் சுத்தி, கூடப் புதைச்சவங்களுக்கான குழி 300க்கு மேல இருக்கு, அது கி.மு. 3000 வாக்குல, அந்தப் பழக்கம் முதல் வம்சத்தோடயே ஓஞ்சு போச்சு. உஷப்தி தலைகாட்டுறது கி.மு. 2000 பக்கம்தான், அதுவும் மெழுகுல செஞ்ச குட்டி உருவம், மேல இருக்குறது செத்தவரோட பேரு. அதாவது முதல்ல அது வேலைக்காரன் இல்ல, அவரேதான். கூலியாள் கூட்டமா மாறுனதெல்லாம் பின்னாடி.

கேள்வி: ஒருத்தருக்கு எத்தனை வெப்பாங்க?

பதில்: ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு. துட்டன்காமன் ராஜாவுக்கு 413! நாளுக்கு ஒண்ணுன்னு 365, பத்துப் பேருக்கு ஒரு கங்காணின்னு 36, மாசத்துக்கு ஒரு கங்காணின்னு இன்னும் 12. பிற்காலத்துல கங்காணி பொம்மை கையில சாட்டையே குடுத்துட்டாங்க, செத்தும் நிம்மதி இல்ல பாருங்க. சூடான்ல நூரிங்கிற இடத்துல தஹர்கா ராஜாவுக்கு 1000க்கு மேல, அத்தனையும் கல்லு.

கேள்வி: அந்த நீலம் பெயின்ட்டா?

பதில்: பெயின்ட் இல்ல, செம்பு. படிகக்கல் பொடியோட சுண்ணாம்பு, கார உப்பு, செம்பு சேத்துப் பிசைஞ்சு அச்சுல அமுக்கிச் சுட்டா மேல நீலமா பளபளப்பு ஏறிடும்.

கேள்வி: எகிப்துல லக்சர் ஊருக்குப் போறேன், உஷப்தி வாங்கலாமா?

பதில்: புதுசுன்னு தெரிஞ்சே வாங்குங்க, ஷோகேஸ்ல அழகா இருக்கும். யாராவது "ஒரிஜினல் சார்"னு காதுல சொன்னா நகர்ந்துடுங்க, முக்கால்வாசி டூப்ளிகேட், நிஜமாவே பழசா இருந்தாலும் நாட்டை விட்டு எடுத்துட்டு வர்றது அங்க குற்றம், ஏர்போர்ட்ல மாட்டுனா அவ்ளோதான்.