அலுமாரிக்குப் பின்னால் ஒரு ரோடு

கேள்வி: மகள் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறாள். எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ரோட்டை வரைந்திருக்கிறாள். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் தீற்றல். ரோடெல்லாம் ஊதா, ஆட்களுக்கு முகமே இல்லை. கொழும்பிலிருந்து அண்ணன் குடும்பம் வந்ததால் அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்? அவள் மனதில் ஏதும் குழப்பமா?
– ஒரு தகப்பன், பொகவந்தலாவை

பதில்: தம்பி, கிட்டே போய்ப் பார்த்ததுதான் பிழை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பின்னால் நகர ஏது இடம்? படத்தை இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், சாய்த்து வைத்து, வாசலில் இறங்கிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தீற்றலெல்லாம் சேர்ந்து மழை விட்ட ரோடாகத் தெரியும். ஈர ரோட்டில் வானமும் விழுந்து கிடக்கும். விடியலில் அந்த நிழல் ஊதாதான். பனி விலகும் வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் கண்ணும் மூக்கும் வரைந்துகொண்டிருக்க முடியாது. கொழுந்துக் கூடையோடு தூரத்தில் வரும் உங்கள் மனைவியை முகம் பார்த்தா கண்டுபிடிக்கிறீர்கள்? நடையை வைத்துத்தானே!

1874இல் பாரிஸில் மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் இப்படி வரைந்து காட்டியபோது, சுவரில் ஒட்டும் தாள்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று ஒரு விமர்சகர் கேலி செய்தார். மோனேயும் அவருடைய கூட்டாளிகளும் கிராமத்து ரோடுகளைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்கள்தான்.

சரி, அலுமாரிக்கு வருகிறேன். “அவளும் ஒன்றும் சொல்லவில்லை” என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! என்ன சொல்வாள்? பெரியப்பா கண்ணில் படக்கூடாத பொருளாகத் தன் கைவேலையை அப்பாவே ஒளிப்பதைப் பார்த்த பிள்ளை அவள். நீங்கள் ஒளித்தது தீற்றலையா, லயத்து ரோட்டையா? காலண்டரில் வருகிற மாதிரி அருவியும் தேயிலை மலையும் வரைந்திருந்தால் அது சுவரில் தொங்கியிருக்கும். உங்கள் அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன ரோடு அது. உங்கள் அண்ணனும் அதில் இறங்கித்தான் கொழும்புக்குப் போனார்.

படம் உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர் முன்னால் பிள்ளையின் பக்கம் நிற்பது தகப்பனின் கடமை. அதில் தவறிவிட்டு, அவள் மனதில் குழப்பமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இன்றைக்கே படத்தை வெளியே எடுங்கள். எந்த நேரத்து ரோடு, வருகிற ஆட்கள் யார் என்று அவளிடமே கேளுங்கள். அடுத்த முறை அண்ணன் வரும்போது அது சுவரில் இருக்கட்டும். யார் வரைந்தது என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள்.