சக்கரம் அளவுகோல் ஆகாது

அன்புள்ள ஐயா,

ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் பக்கத்தோற்றத்தை 1/48 அளவில் வரைந்துகொண்டிருக்கிறேன். சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய, பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் படைப்பிரிவு இரண்டாம் உலகப்போரில் ஓட்டிய மார்க் 5 ரகம். தரையில் நிற்கும் விமானத்தின் போர்க்காலப் புகைப்படம் ஒன்றைக் கணினியில் ஏற்றி, டயரின் விட்டத்தை வைத்து அளவைப் பொருத்திக்கொண்டு கோடு இழுத்தேன். மூக்கிலிருந்து வால்வரை 190 மில்லிமீட்டர் வர வேண்டும். 173தான் வருகிறது. மூன்று முறை வரைந்தும் அதே கணக்கு. தவறு எங்கே? இன்னொரு கேள்வி: இதை முடித்தபின் சற்று நீளமாக இழுத்து மார்க் 9 ஆக்கிவிடலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மூன்று முறையும் 173 வந்தது நல்லதே. கை பிசகியிருந்தால் மூன்று விதமாக வந்திருக்கும். உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது, அளவுகோல்தான் தவறு.

ஸ்பிட்ஃபயரின் இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.74 மீட்டர். ஆகவே நம் பக்கமுள்ள சக்கரம், விமானத்தை நீளவாக்கில் இடம், வலம் என்று பிரிக்கும் நடுத்தளத்தைவிட 0.87 மீட்டர் முன்னால், கேமராவுக்கு நெருக்கமாக நிற்கிறது. மூக்கின் நுனியும் வாலிலுள்ள சுக்கானின் விளிம்பும் நடுத்தளத்தில் இருக்கின்றன. புகைப்படக்காரர் 10 மீட்டர் தூரத்தில் நின்றிருந்தால், சக்கரம் மற்றவற்றைவிட ஒன்பதரை சதவீதம் பெரிதாகப் பதிவாகும். பெரிதாகிவிட்ட அந்தச் சக்கரத்தைச் சரியான அளவு என்று நம்பி மற்றதையெல்லாம் நீங்கள் பொருத்தியதால் உடல் சுருங்கிவிட்டது. 190ஐ 10க்கு 9.13 என்ற விகிதத்தில் குறைத்துப் பாருங்கள், 173 வரும். அந்தப் படத்தை எடுத்தவர் ஏறக்குறைய 10 மீட்டர் தள்ளி நின்றிருக்கிறார் என்று உங்கள் பிழையே சொல்லிவிடுகிறது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எண்ணைத் துரத்திக்கொண்டு போனால், முகம் தெரியாத ஒருவர் எண்பது ஆண்டுகளுக்கு முன் எங்கே நின்றார் என்பது தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் எதை அளவுகோலாகக் கொள்வது? நடுத்தளத்திலேயே கிடக்கும் நீளத்தைத்தான். புரொப்பல்லர் நடுவிலுள்ள கூம்பின் முனையிலிருந்து சுக்கானின் பின்விளிம்பு வரை 9.12 மீட்டர். ஆனால் அதற்கு முன் விமானம் கேமராவுக்கு நேர்ப்பக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். மூக்கு வெறும் 10 டிகிரி நம் பக்கம் திரும்பியிருந்தால்கூட மொத்த நீளம் பெரிதாக மாறாது, ஒன்றரை சதவீதம் குறையும், அவ்வளவே. அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே 10 மீட்டர் தூரத்தில் மூக்கு நமக்கு நெருங்கி, வால் விலகிப்போவதால், மூக்குப் பக்கம் வாலைவிட ஏறக்குறைய 17 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். நீளம் சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து இப்படிக் கோணிய வடிவத்தை வரைந்து முடித்தவர்கள் நிறையப் பேர். வெகு தூரத்திலிருந்து எடுத்த படமாக இருந்தால், புரொப்பல்லர் சுழலும் வட்டம் நேர்க்கோடாகத் தெரிகிறதா, நீள்வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். படத்தைத் தொடுவதற்கு முன் வெற்றுத்தாளில் ஒரு கிடைக்கோடு போடுவேன். உடலின் அளவுகளெல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான். பிறகு இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவருக்கு ஒரு செங்குத்துக் கோடு. ஸ்பிட்ஃபயரில் அது 5ஆம் சட்டகம் (உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களில் ஒன்று). வால்பகுதியைப் போல்ட் போட்டுப் பூட்டும் இடம் 19ஆம் சட்டகம், அதற்கும் ஒரு கோடு. நடுவிலுள்ள சட்டகங்களையும் குறித்து, ஒவ்வொன்றிலும் உயரத்தை வைத்துப் புள்ளிகளை இணைத்தால் விமானம் தானாக எழுந்து வரும். புகைப்படம் அதன் பிறகுதான்: தகட்டுக் கோடுகள், மூடிகள், புகைபோக்கிக் கறை ஆகியவற்றுக்கு மட்டும். தரையில் நிற்கும் ஸ்பிட்ஃபயர் வாலைத் தாழ்த்தி, மூக்கை மேலே தூக்கியிருக்கும் என்பதால், படத்தை அந்தக் கிடைக்கோட்டுக்குச் சமமாகச் சுழற்றிவிட்டே ஒப்பிடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தயவுசெய்து இழுக்காதீர்கள். மார்க் 9இன் நீளம் ஏறக்குறைய 9.47 மீட்டர், 1/48இல் 197 மில்லிமீட்டர். கூடியிருக்கும் அந்த 7 மில்லிமீட்டரும் தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால் இருப்பது. இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) பொருத்திய புதிய மெர்லின் இன்ஜின் நீளமானது. நான்கு இதழ் புரொப்பல்லரும் வந்தது. விமானி உட்காரும் இடத்திலிருந்து பின்னால் எல்லாம் கிட்டத்தட்ட பழையதுதான். 1942இல் வந்த முதல் மார்க் 9 விமானங்களில் பல, மார்க் 5 உடலிலேயே புது இன்ஜினைப் பூட்டி உருவாக்கியவை. படத்தை மொத்தமாக இழுத்தால் விமானியின் கண்ணாடிக் கூண்டும் நீளும், சுக்கானும் அகலமாகும். அப்படி ஒரு விமானம் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படவில்லை. இறக்கையின் அடியையும் மறக்காதீர்கள்: மார்க் 5இல் இடப்பக்கம் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பான், வலப்பக்கம் பெரிய ரேடியேட்டர். மார்க் 9இல் இரண்டு பக்கமும் பெரியவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் புகைப்படச் சுருள்களில் ஒரு வகைக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாகவும் மஞ்சள் இருண்டும் நீலம் வெளுத்தும் விழும். 1942 நடுப்பகுதி வரை மார்க் 5இன் உடலிலிருந்த வட்டச் சின்னத்தைச் சுற்றி அகலமான மஞ்சள் வளையம் உண்டு. உங்கள் படத்தில் அது கருமையாகத் தெரிந்தால் மஞ்சளையே பூசுங்கள்.

புதிதாக வரைந்ததும் அனுப்புங்கள். 5ஆம் சட்டகத்தின் கோட்டை மட்டும் அழிக்காமல் அனுப்புங்கள், அங்கிருந்துதான் நான் அளந்து பார்ப்பேன்.

அன்புடன்