சரிவு நிலத்தில் மண் அரிப்பு: வேலை மேலிருந்து தொடங்க வேண்டும்

கேள்வி: ஒரு ஏக்கர் சரிவு நிலத்தில் புதரையெல்லாம் வேரோடு எடுத்துவிட்டு மரக்கன்றுகள் வைத்திருக்கிறேன். ஒரே மழைக்காலத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக மண் அரித்துவிட்டது. ஓரிடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அடியில் கல் சுவர் எழுப்பினால் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. சுவரில் வந்து தங்கும் மண், மேலே ஏற்கெனவே இழந்துவிட்ட மண். அதிலும் நீர் வடியத் துளை விடாமல் கட்டினால், பின்னால் தேங்கும் தண்ணீரே ஒருநாள் சுவரைத் தள்ளிவிடும். அந்தப் பணத்தை மேலே செலவழியுங்கள்.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அதில் கால்வாசி ஓடினாலும் 10,000 லிட்டர். ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். மேல் விளிம்பில் சாதுவாக இருக்கும் அதே நீர்தான் தடையில்லாமல் இறங்கிவந்து கீழே பள்ளம் பறிக்கிறது. ஆகவே செய்ய வேண்டியது, நீர் வேகம் பிடிக்குமுன் அங்கங்கே அதை நிறுத்தி நிறுத்தி அனுப்புவது.

அதற்கும் முன்னால் ஒன்று. பெரிய மழைத்துளி மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் தரையில் மோதும். மூடாக்கு இல்லாத மண் சிதறி, நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது, ஓடத்தான் செய்யும். புதரை வேரோடு எடுத்தபோதே உங்கள் சிக்கல் தொடங்கிவிட்டது. இனி களையைப் பிடுங்காமல், கொத்தாமல், வெட்டி அங்கேயே போடுங்கள். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் சுத்தமாக இருந்தால் போதும், அதிலும் சருகு மூடாக்கு வேண்டும். மரம் வைத்தால் மண் நிற்கும் என்பது பாதி உண்மைதான். கன்று வேர் பரப்பச் சில ஆண்டுகள் ஆகும். வளர்ந்த தேக்கின் அடியில்கூடத் தரை வெறுமையாக இருந்தால், அகன்ற இலைகளிலிருந்து சொட்டும் பெருந்துளிகளே மண்ணைக் கிளறிவிடும். சீக்கிரம் மண்ணைப் பிடிப்பது புல்.

சரி, நீரை எங்கே நிறுத்துவது? சம உயரக் கோட்டில். கண்மதிப்பை நம்பாதீர்கள், சரிவில் கண் நன்றாக ஏமாறும். இரண்டு மீட்டர் நீளக் கம்புகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரு கால்களும் நிற்கும் இடத்தைத் தரையில் குறித்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, கயிறு நடுப்புள்ளியில் நிற்கும்வரை மறுகாலை நகர்த்தி, முளை அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும். கோடு வளைந்து வளைந்து போகும், அதை நேராக்க ஆசைப்படாதீர்கள்.

ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் 1 முதல் 1.5 மீட்டர் இருக்கட்டும். 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் நிலத்தில் இது 10 முதல் 15 மீட்டர் இடைவெளி. 25 மீட்டர் இறங்கினால் 4 முதல் 6 மீட்டர். கோட்டில் மண் வரப்பு போட்டு, அதன்மேல் வெட்டிவேர் அல்லது உங்கள் பக்கம் நன்றாக வளரும் வேறு குத்துப்புல்லை நடுங்கள். வெட்டிவேரின் வேர் 2, 3 மீட்டர் ஆழம்கூட இறங்கும். தூர்களுக்கு இடையே 10 முதல் 15 செ.மீ. போதும். காசை மிச்சம் பிடிக்க நெருக்கத்தைக் குறைத்தால், விட்ட இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் பாயும். 100 மீட்டருக்கு 33 மீட்டருக்கு மேல் இறங்கும் செங்குத்தான பகுதி இருந்தால் அங்கே உழவே வேண்டாம், நிரந்தரமாகப் புல்லும் மரமும் இருக்கட்டும்.

முழங்கால் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பாதீர்கள், அடுத்த மழையிலேயே போய்விடும். முதலில் அதன் தலைப்பில் சேரும் நீரை, மிக லேசான சரிவுள்ள வாய்க்கால் வெட்டி, புல் மூடிய பக்கத்துக்குத் திருப்புங்கள். பிறகு பள்ளத்தின் குறுக்கே கற்களை அடுக்குங்கள். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் ஓரத்தை அரித்துச் சுற்றிக்கொண்டு போகும். இரு முனைகளும் கரைக்குள் புதைய வேண்டும். நீர் விழும் இடத்திலும் கல் பரப்புங்கள். ஒரு தடுப்பின் அடிமட்டத்துக்கு அடுத்த தடுப்பின் தலை வருமாறு இறங்கிக்கொண்டே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. சரிவுக்குக் குறுக்கே நிலம் வெடித்திருந்தாலோ, மரங்கள் புதிதாகச் சாய்ந்தாலோ, இல்லாத இடத்தில் ஊற்று கசிந்தாலோ அது அரிப்பு அல்ல, நிலச்சரிவின் அறிகுறி. அங்கே நீரைத் தேக்கும் எந்த வேலையும் ஆபத்து. மண் பொறியாளர் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

வரப்பை மழைக்கு முன்னும், புல்லை மழை தொடங்கியதும் முடித்துவிடுங்கள். முதல் கனமழை சற்று ஓய்ந்ததுமே மண்வெட்டியோடு கோடு நெடுக நடந்து பாருங்கள். வரப்பு எங்கே உடைகிறது, எங்கே வழிகிறது என்பது அப்போதுதான் தெரியும்.