விசா இருந்தும் ஏன் ஏற்றவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நாலரை மாதம் இருந்தது. போய் வருவதோ வெறும் பத்து நாள். விசாவும் வாங்கியிருந்தேன். ஆனாலும் செக்-இன் கவுண்டரில் போர்டிங் பாஸ் தராமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே விடுவதும் விடாததும் அந்த நாட்டு இமிக்ரேஷன் அதிகாரியின் வேலை. விமான நிறுவனத்துக்கு இதில் என்ன உரிமை?

பதில்: உரிமை இருக்கிறது. உங்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய பிறகு அங்குள்ள அதிகாரி உள்ளே விட மறுத்துவிட்டால், உங்களைத் திரும்ப அழைத்து வரும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் போடுகின்றன. அதனால்தான் கவுண்டரில் இருப்பவர் டிமாட்டிக் என்ற தகவல் தொகுப்பைப் பார்க்கிறார். ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் உலக சங்கம் நடத்துவது அது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே போகிறது, எந்த வழியாகப் போகிறது என்று கொடுத்தால் என்னென்ன வேண்டும் என்று சொல்லிவிடும்.

நீங்கள் எந்த நாட்டுக்குக் கிளம்பினீர்கள் என்று எழுதவில்லை. சிங்கப்பூர், இந்தோனேசியா மாதிரி ஆறு மாதம் கேட்கும் நாடாக இருந்தால் நாலரை மாதம் போதாது. பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை, ஏனென்றால் உடம்பு சரியில்லாமல் போய்த் தங்க நேர்ந்தாலும் பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் நோக்கமே. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல், ஒரே விசாவில் போய்வர விடும் நாடுகள்) கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருந்தால் சரி, ஆனால் பாஸ்போர்ட் கடைசி பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். பத்து வருடப் பாஸ்போர்ட்டை ஒன்பதரை வருடப் பாஸ்போர்ட் என்று மனதில் வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் வராது.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஷெங்கன் மல்டிபிள் என்ட்ரி விசாவில் மார்ச் 1 அன்று போய் ஏப்ரல் 29 அன்று அங்கிருந்து கிளம்பினேன். விசா இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஜூலை 1 முதல் மறுபடி அறுபது நாள் இருக்கலாம் என்று டிக்கெட் பார்த்தோம். மருமகன் கூடாது என்கிறார், மகள் ஒன்றும் ஆகாது என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: மருமகன் சொல்வதுதான் சரி அம்மா. ஆனால் வருத்தப்பட வேண்டாம், உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது.

விசா எத்தனை வருடத்துக்கு என்பது ஒன்று, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறொன்று. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. நிறைய பேர் தவறுவது எங்கே என்றால், வெளியே வந்துவிட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று நினைப்பதில்தான். அப்படி இல்லை. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளைப் பார்ப்பார்கள். போன நாள், கிளம்பிய நாள் இரண்டும் சேரும்.

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு எண்ணுங்கள். மார்ச்சில் 31, ஏப்ரலில் 29, ஆக 60 நாள் போய்விட்டது. ஜூலை 1 அன்று போனால் மிச்சம் 30 நாள்தான், ஜூலை 30 அன்று கிளம்பியாக வேண்டும், 31 ஆனால் அது அத்துமீறல். உங்கள் மார்ச் 1 அந்த 180 நாள் வளையத்தை விட்டு வெளியே விழுவது ஆகஸ்ட் 28 அன்றுதான். அதிலிருந்து தினமும் ஒரு பழைய நாள் கழியும், ஒரு புதிய நாள் சேரும்.

அப்படியானால் பயணத்தை நாலு வாரம் தள்ளிப் போட்டு ஜூலை 29 அன்று போனால் என்ன ஆகும்? ஆகஸ்ட் 27 அன்று பழைய 60, புதிய 30, சரியாக 90. மறுநாள் ஒரு பழைய நாள் கழிவதால் அதே 90-லேயே நிற்கும், தாண்டாது. இப்படியே போய் அக்டோபர் 26 வரை இருக்கலாம், நீங்கள் கேட்ட அறுபது இல்லை, தொண்ணூறு நாள்! வேறு பயணம் எதுவும் நடுவில் இல்லை, விசா ஸ்டிக்கரில் தங்கும் நாள் 90 என்றே இருக்கிறது என்று வைத்துச் சொல்கிறேன், அந்தக் கட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கால்குலேட்டர் இருக்கிறது, மகளை அதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பு முத்திரைகளைப் புரட்டிப் புரட்டி எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முகப் படமும் கைரேகையும் எடுத்துக் கணினியில் பதிகிறார்கள், ஒரு நாள் கூடினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். பேரக் குழந்தையைப் பார்க்கப் போகிறவர் எல்லையில் பதில் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

கேள்வி: பழைய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இன்னும் ஆறு வருடம் செல்லும். இப்போது புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டையும் கையில் கொண்டு போங்கள். விசாவைப் பிய்த்துப் புதியதில் ஒட்டிவிடாதீர்கள், ஒட்டினால் அது செல்லாது. விசா கிழியாமல், அழியாமல் இருக்க வேண்டும், பெயரும் மாறியிருக்கக் கூடாது. இன்னொன்று, விசாவில் உள்ள தேதி அங்கே தங்குவதற்கான தேதி அல்ல. உள்ளே விடும்போது ஐ-94 என்ற பதிவில் ஒரு தேதி போடுவார்கள், அதற்குள் கிளம்ப வேண்டும். அதைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் விசா ரத்தாகிவிடும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடம், ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம் திரும்பிப் போகத் தடை.

கேள்வி: மலிவாக இருக்கிறது என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தேன். நடுவில் இறங்கும் ஊரில் ஐந்து மணி நேரம். விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லை, டிரான்சிட் விசா தேவையா?

பதில்: பெட்டி எங்கே போகிறது என்பதைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி பெரும்பாலும் கடைசி ஊர் வரை தானாகப் போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் பெல்ட்டில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரும், அந்த பெல்ட் இருப்பது இமிக்ரேஷனைத் தாண்டி. அதாவது நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும், நுழைய விசா வேண்டும். இதே காரணத்தால்தான் முதல் ஊரிலேயே உங்களை ஏற்றாமல் விட்டுவிடவும் கூடும்.

ஒரே டிக்கெட்டிலும் இடறும் இடங்கள் உண்டு. அமெரிக்கா வழியாகப் போனால் இமிக்ரேஷனைத் தாண்டாமல் விமானம் மாற வழியே இல்லை. ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கிப் பாரிஸ் போய் அங்கிருந்து வேறு கண்டத்துக்குப் பறந்தால், ஃபிராங்ஃபர்ட் – பாரிஸ் பயணம் ஷெங்கனுக்குள் நடப்பது, ஆகவே ஷெங்கன் விசா தேவைப்படுபவர் அதை வைத்திருக்க வேண்டும். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவதென்றால் சொல்லவே வேண்டாம், ஊருக்குள் வந்துதான் போக வேண்டும். டிக்கெட்டில் மிச்சப்படுத்திய காசு இங்கே போய்விடும், பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று புகார் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் சூட்கேஸின் உள் துணி கிழிந்த இடத்துக்குள் கிடந்தது. அடுத்த வாரம் பயணம், அதிலேயே போய்விடலாமா?

பதில்: தயவுசெய்து போகாதீர்கள். புகார் பதிவானதும் அந்தப் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, அதன் எண்ணை இன்டர்போலின் தொலைந்த, திருடுபோன பயண ஆவணப் பட்டியலுக்கு அனுப்பும் நாடுகள் நிறைய. அந்தப் பட்டியல் 2002 முதல் இருக்கிறது, எல்லையில் எண்ணைப் படித்ததும் சிவப்பு காட்டும். அட்டை, படம், சிப் எல்லாம் உங்களுடையதாகவே இருந்தாலும் எதிரே இருக்கும் அதிகாரிக்கு அது திருடுபோன புத்தகம்தான், நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் விமானம் போயிருக்கும். பதிவு நீங்கிவிட்டதாக எழுத்தில் உறுதி வராமல் அதைத் தொடாதீர்கள், புதுப் பாஸ்போர்ட்டுக்கு அவசர விண்ணப்பம் போடுங்கள். பழையதில் விசா ஏதாவது இருந்தால் அந்தத் தூதரகத்துக்கும் இன்றே எழுதிக் கேளுங்கள், பாஸ்போர்ட்டோடு அதையும் ரத்து செய்திருக்கலாம்.